தீர்த்தமாடிய பின் பார்க்க வேண்டிய தீவு

நம் சங்கத்து அன்பர்களில் இராமேசுவரம் போகாத குடும்பம் அநேகமாக இருக்காது. தை அமாவாசை, ஆடி அமாவாசை, பெரியவர்களுக்குத் திதி என்று ஏதாவது ஒரு காரணம் வந்துவிடும். பெங்களூரில் வண்டி ஏறி, மதுரையில் இறங்கி, வேன் பிடித்து, இரவு அங்கே தங்கி, விடிகாலையில் அக்னி தீர்த்தம், பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தம், துணி மாற்றித் தரிசனம், பதினோரு மணிக்குத் தனுஷ்கோடியில் போட்டோ, இரண்டு மணிக்குச் சாப்பாடு, இருட்டுவதற்குள் பாம்பன் பாலம் தாண்டியாச்சு. வீட்டுக்கு வந்து 'நல்ல தரிசனம், ஆனா வெயில் தாங்கலை' என்போம். பாம்பனிலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் 30 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் ஒரு தீவின் மேல் ஒரு பகல் முழுக்க நின்றுவிட்டு வந்தோம் என்பது நினைவிலேயே இருக்காது.

நானும் அப்படித்தான் போயிருப்பேன். ஆனால் நான் சமணன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் நயினார் வீட்டில் பிறந்து, 1979ல் மல்லேஸ்வரத்துக்குப் பிழைக்க வந்தவன். 1994ல் எங்கள் கடைக்குப் பக்கத்துக் கடை நண்பர் குடும்பத்துக்குத் துணையாகப் போனேன். அவர்கள் 22 தீர்த்தமும் ஆடி முடிக்கும்வரை பைகளையும் செருப்புகளையும் காவல் காப்பது என் வேலை. கூட்டம் அதிகம். நான்கு மணி நேரம் கடற்கரையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வியாபாரிக்கு நான்கு மணி நேரம் சும்மா இருப்பது என்பது பெரிய தவம். அன்றுதான் ஒரு சந்தேகம் வந்தது: இந்தக் கடலில் ஏன் அலையே இல்லை?

கோயிலுக்குக் கிழக்கே நாம் முழுக்குப் போடும் கடல் பாக் நீரிணையைச் சேர்ந்தது. பெரும்பகுதியில் ஆழம் பதினைந்து மீட்டரைத் தாண்டாது. தெற்கே உள்ளது மன்னார் வளைகுடா. அது போகப் போக ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கும் கடல். அங்கத்து மக்கள் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். இந்தப் பெயர்களை வைத்து ஏமாறக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும்போது பெண்கடல்தான் சீறும். ஆண்கடல் பூனை மாதிரி இருக்கும். வைகாசிக்கு மேல் தென்மேற்குக் காற்று வந்தால் கதை தலைகீழ். ஆகவே எந்த மாதம் போனாலும் தீவின் ஏதாவது ஒரு கரை அமைதியாக இருக்கும். எது என்று காற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். மீனவர்கள் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பேர் வைத்திருக்கிறார்கள். சங்க இலக்கியத்தில் வரும் வாடையும் கொண்டலும் அங்கே இன்னும் அன்றாடப் பேச்சு. பெங்களூரில் நமக்கு ஃபேன் காற்று, ஏசி காற்று இரண்டுதான்.

இந்தத் தீவு எதனால் ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். கோயிலிலிருந்து வடக்கே ஓலைக்குடாப் பக்கம் நடந்தால் கரையில் கரடுமுரடான பாறை தெரியும். குனிந்து உற்றுப் பார்த்தால் தேன்கூடு மாதிரி, மூளை மடிப்பு மாதிரி கோலங்கள். அது கல் அன்று, செத்த பவளம். ஒரு காலத்தில் கடலுக்கடியில் உயிரோடு வளர்ந்தது, கடல் மட்டம் தாழ்ந்தபின் வெளியே நின்றுவிட்டது. 1972ல் ஸ்டாடார்ட் என்ற ஆங்கிலேயரும் கோபிநாத பிள்ளை என்ற நம் நாட்டு அறிஞரும் இதை ஆராய்ந்து சுமார் 4,000 ஆண்டு வயது என்று கணித்தார்கள். அதன் மேல் காற்று குவித்த மணல். கந்தமாதன பர்வதம் என்று நாம் படியேறிப் பாதம் பார்க்கும் மேடும் மணல்மேடுதான்.

இந்த மணலுக்குள்தான் தீவின் பெரிய அதிசயம் இருக்கிறது. சுற்றிலும் உப்புக் கடல். ஆனால் கோயில் கிணறுகளில் உப்புக் கரிக்காத தண்ணீர். தங்கச்சிமடத்து வில்லூன்றித் தீர்த்தத்தில் கடலுக்குள்ளேயே நல்ல தண்ணீர் ஊற்று. தனுஷ்கோடியில் ஒரு மீனவப் பெண்மணி கடலிலிருந்து ஐம்பதடி தூரத்தில் கையாலேயே மணலைத் தோண்டி, ஊறிய தண்ணீரைச் செம்பில் மொண்டு, "குடிச்சுப் பாருங்கய்யா" என்று நீட்டினார். நம் கார்ப்பரேஷன் தண்ணீரைவிட நன்றாக இருந்தது.

இதன் காரணம் தராசு பிடித்தவனுக்குச் சுலபமாகப் புரியும். ஆயிரம் கிலோ நல்ல தண்ணீர் பிடிக்கும் தொட்டியில் கடல் நீரை நிரப்பினால் சுமார் 1,025 கிலோ நிற்கும். உப்பு நீர் கனம். நல்ல நீர் லேசு. மழைநீர் மணலுக்குள் இறங்கும்போது அடியில் உள்ள உப்பு நீரோடு சட்டென்று கலந்துவிடாமல் அதன் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அதைத் தாங்க அடியில் ஏறக்குறைய நாற்பது அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹாலந்தின் கைபனும், 1901ல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் எழுதி வைத்தார்கள். நம் முன்னோர் கணக்கு எழுதவில்லை, கிணறு வெட்டினார்கள், கிணற்றுக்குத் தீர்த்தம் என்று பெயரிட்டு அசுத்தம் பண்ணாமல் காத்தார்கள்.

கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் போட்டு மேலே ஒரு அடி தண்ணீரை உறிஞ்சினால் அடியில் உப்பு நீர் நாற்பது அடி ஏறி வரும். 2024 கோடையில் பெங்களூரில் போர்வெல் வற்றி டேங்கருக்காகக் காத்திருந்தோம் அல்லவா? நமக்காவது வற்றினால் அடுத்த மழைக்கு ஊறும் என்ற நம்பிக்கை உண்டு. அங்கே கிணறு வற்றாது, உப்பாகிவிடும். உப்பானது மீண்டும் இனிக்கப் பல மழைக்காலம் ஆகும். தீவின் லாட்ஜில் குழாயைத் திறக்கும்போது இது எனக்கு நினைவு வரும். தீர்த்தமாடிவிட்டு அறைக்கு வந்து ஷவரில் அரை மணி நேரம் நிற்பவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன், கோபித்துக்கொண்டார்கள்.

இனி தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலையும் அதில் போன ரயிலையும் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. நான் சொல்ல வருவது வேறு. 2017ல் அரிச்சல்முனை வரை தார்ச் சாலை வந்தது. அதற்கு முன் மணலில் வேன் ஆட்டி ஆட்டிக் கொண்டுபோகும். இப்போது கார் நேராக முனை வரை போய் நிற்கிறது. இறங்கிப் படம் எடுத்துத் திரும்பிவிடுகிறோம். வழியில் இருப்பதுதான் தீவு என்பது என் அபிப்பிராயம். சாலையோர மணலில் முள்முள்ளாக உருண்டையாக ஒரு புல் இருக்கும். இராவணன் மீசை என்று பெயர். காற்றில் பந்து மாதிரி உருண்டு போய் விதை போடும். அதன் பக்கத்திலேயே ஊதாப்பூ பூத்துப் படரும் கொடி, நெய்தல் பாட்டுகளில் வரும் அடும்பு. இவ்விரண்டின் வேர்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. அரிச்சல்முனை என்ற பெயரே 'அரித்தல்' என்பதிலிருந்து வந்தது என நான் கருதுகிறேன். முனையின் வடிவம் பருவத்துக்குப் பருவம் மாறுவதைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். அந்தக் கொடியின் மேல் கார் ஏற்றாதீர்கள். அங்கே நீரோட்டம் பொல்லாதது, குளிக்கவும் இறங்காதீர்கள்.

கோடி என்றதும் அகநானூற்றின் 70ஆம் பாட்டு நினைவுக்கு வரும். பாண்டியரின் பழமையான கோடிக்கரையில் இராமன் ஆலோசனை செய்யும்போது ஆலமரத்துப் பறவைகளின் ஒலியை அடக்கினான். அதுபோல ஊர் வம்புப் பேச்சு அடங்கிற்று என்று தோழி சொல்வதாக வரும். அக்கோடியே இத்தனுஷ்கோடி என்று கொள்வோர் பலர். இராமாயணச் செய்தி தமிழில் எவ்வளவு பழமை என்று காட்டவே எல்லோரும் இப்பாட்டை எடுத்தாள்கிறார்கள். பறவைகள் நிறைந்த மரமும் அங்கே ஒரு கணம் அடங்கிய ஓசையும் புலவர் நேரில் கண்டு கேட்டவை போல இருக்கின்றன என்பதை யாரும் சொல்லவில்லை.

பறவை இன்றும் உண்டு. 1964 புயலிலும் தப்பி நின்ற கோதண்டராமர் கோயிலைச் சுற்றி ஆழமில்லாத நீர்ப்பரப்பு. மழைக்காலம் முடிந்ததும் அங்கே பூநாரைகள் வந்து நிற்கும். இந்தியாவில் இவை பெருமளவில் கூடு கட்டுவது குஜராத்தின் கட்சு ரண் பகுதியில். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, சேற்று நீரை உறிஞ்சி வடிகட்டி, நுண்ணுயிர்களை மட்டும் நிறுத்திக்கொள்ளும். சிறகின் இளஞ்சிவப்பு அந்த உணவிலிருந்து வருவது. 2025ல் தமிழக அரசு இப்பகுதியில் சுமார் 524 ஹெக்டேரைப் பூநாரை சரணாலயமாக அறிவித்தது. கிட்டே போனால் கூட்டமாக எழுந்து பறக்கும். அது படத்துக்கு அழகு, ஆனால் நெடுந்தூரம் பறந்து வந்த பறவையின் சாப்பாட்டு நேரத்தைக் கெடுப்பது. சாலையிலேயே நின்று பைனாகுலரில் பாருங்கள். எங்கள் வீட்டில் பொழுது சாயுமுன் சாப்பாடு முடிந்துவிடும் வழக்கம் இங்கே வசதியாகப் போயிற்று. மற்றவர்கள் டிபன் தேடிப் போகும் நேரத்தில் நாங்கள் சாவகாசமாக நிற்போம். தனுஷ்கோடிப் பக்கம் மட்டும் மாலைக்கு மேல் போலீசார் இருக்க விடுவதில்லை.

பறவை பறப்பதைப் பார்ப்பது அங்கே சும்மா பொழுதுபோக்கு அன்று. அப்துல் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்: சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் வகுப்பில் பறவை எப்படிப் பறக்கிறது என்று படம் போட்டு விளக்கி, பையன்களுக்குப் புரியவில்லை என்றதும் கடற்கரைக்கே அழைத்துப் போய்க் காட்டினாராம். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் அந்தப் பாடத்தை அதே கரையில் நடத்தலாம், செலவில்லை.

இப்போது என் சொந்தத் தவறு ஒன்றை எழுதியாக வேண்டும். சில ஆண்டு முன் பேத்தியோடு போயிருந்தோம். தனுஷ்கோடி மணலில் அழகான சிறு சங்கு ஒன்று கிடந்தது. நான்தான் எடுத்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் மதுரை தாண்டியபின், "தாத்தா, உள்ளே யாரோ இருக்காங்க" என்றாள். எட்டிப் பார்த்தால் சின்னக் கால்கள். துறவி நண்டு. வண்டியைத் திருப்பவா முடியும்? திண்டுக்கல் வருவதற்குள் அசைவு நின்றுவிட்டது. மண்ணுக்குள் உயிர் இருக்கும் என்று கிழங்குகூடச் சாப்பிடாத வீடு எங்கள் வீடு. பேத்தி பெங்களூர் வரை என்னோடு பேசவில்லை.

பிறகுதான் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். இந்த நண்டுக்குப் பின்னுடல் மிருது; ஓடு கிடையாது. செத்த சங்குப்பூச்சியின் கூட்டுக்குள் புகுந்து வாழும். வளர வளரப் பெரிய கூடு தேவை. ஒரு பெரிய சங்கு காலியானால், நண்டுகள் அளவு வாரியாக வரிசையில் நின்று ஒன்று காலி செய்ததில் அடுத்தது குடியேறும். மல்லேஸ்வரத்தில் வாடகை வீடு தேடியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஆகவே உள்ளே யாரும் இல்லாத சங்கை எடுத்தாலும் ஒருவர் வீட்டை எடுத்ததாகவே அர்த்தம். கடைகளில் விற்கும் பளபளப்பான சங்குகளில் பெரும்பகுதி கரையில் பொறுக்கியவை அல்ல, உயிரோடு பிடித்துக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்தவை. விற்பவர் ஏழை, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாங்குகிறவர் இருக்கும்வரை விற்பார். பவளத் துண்டு என்றால் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வைத்திருப்பதே குற்றம்.

பவளத்தைச் சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்ததன் பலன் மன்னார் வளைகுடாவில் கண்கூடு. 1986ல் அறிவிக்கப்பட்ட கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் நீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்த சுவர் போனால் வீடு நிற்குமா? மிஞ்சியிருக்கும் பவளத்தையும் 2010, 2016, 2024 ஆண்டுகளின் கடல் வெப்பம் வெளிறச் செய்தது. உயிருள்ள பவளத்தைக் காண விரும்புவோர் பாம்பன் பக்கம் குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவுக்குப் போகலாம். 1897 ஜனவரி 26ல் விவேகானந்தர் கொழும்பிலிருந்து வந்து கரையேறியதன் நினைவிடமும் குந்துகாலில் உள்ளது. வழியில் கண்ணாடி போட்டுக்கொண்டு மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களைக் காணலாம். பாசி குறைவதைக் கண்டு, மாதத்தில் 12 நாள்தான் இறங்குவது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள்.

போகிற காலம் தை முதல் பங்குனி வரை நல்லது. அப்போதுதான் பூநாரையும் இருக்கும், பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும் பருவமும் அதுவே. வனத்துறையார் முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். 2022 கடைசியில் மண்டபத்தோடு நின்றுபோன ரயில், 2025 ஏப்ரல் 6ல் புதிய பாம்பன் பாலம் திறந்தபின் மறுபடி இராமேசுவரம் வரை போகிறது. குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். முதல் நாள் சாமிக்கு, இரண்டாம் நாள் தீவுக்கு. ஆளுக்கொரு குடையும் தண்ணீர்ப் புட்டியும் கட்டாயம் வேண்டும். அங்கே இருக்கும் உடைமர நிழல் ஆட்டுக்குத்தான் போதும்.