பத்து வயதின் பரிந்துரை

வங்கியில் கணக்குத் தொடங்க ஒரு காலத்தில் அறிமுகக் கையொப்பம் தேவைப்பட்டதை நம் மூத்த வாடிக்கையாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர், இவரை நான் அறிவேன் என்று படிவத்தில் ஒப்பமிட்ட பிறகே புதியவருக்குக் கதவு திறந்தது. இன்று அடையாளச் சான்றுகள் அந்த இடத்திற்கு வந்துவிட்டன. ஆயினும் புத்தக உலகில் அறிமுகக் கையொப்பத்தின் மதிப்பு குறையவில்லை. குறிப்பாக, எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையிலான சிறாரிடம், பெரியவர்கள் பலமுறை சொல்லியும் நடவாதது, உடன் படிக்கும் தோழியோ தோழனோ ஒருமுறை சொன்னால் நடந்துவிடுகிறது.

இந்த வயது வாசிப்பில் ஒரு திருப்பம். படக்கதைகள் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றத் தொடங்கும். பெரியவர்களுக்கான நாவல்கள் இன்னும் எட்டாத உயரத்தில் இருக்கும். பாடச்சுமை கூடும், கைப்பேசியும் அருகிலேயே இருக்கும். இந்த இடைவெளியில்தான் பல குழந்தைகள் புத்தகத்தை விட்டு நழுவுகிறார்கள். நாமோ, நாம் சிறுவயதில் படித்தவற்றையும், பரிசு பெற்ற நூல்களையும், அறிவுரை மிகுந்தவற்றையும் வாங்கி அடுக்குகிறோம். அவை அலமாரியில் புதுமை குலையாமல் இருக்கின்றன.

இடமாற்றம் தந்த பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், பணியிட மாற்றத்தால் எங்கள் குடும்பம் போபாலுக்குக் குடிபெயர்ந்தது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த எங்கள் மகளுக்கு இந்தியை எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், பேச வராது. முதல் இரண்டு மாதங்கள் அவள் பள்ளியில் யாரோடும் பேசவில்லை என்பதை நாங்கள் தாமதமாகவே அறிந்தோம்.

அவ்வகுப்பில் ஒரு சிறு புத்தக அலமாரியும், அதனருகே ஒரு கோடு போட்ட நோட்டும் இருந்தன. புத்தகத்தைத் திருப்பித் தருபவர், அடுத்து யார் அதைப் படிக்கலாம் என்று நான்கு வரி எழுத வேண்டும். ஒருநாள் அந்த அலமாரியில் 'டோட்டோ-சான்' நூலின் இந்திப் பதிப்பை மகள் கண்டாள். ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயானாகி தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி, 1981-இல் வெளியான நூல் அது. நேஷனல் புக் டிரஸ்ட் அதனைத் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் வெளியிட்டுள்ளது. தமிழ்ப் பதிப்பை அவள் வீட்டில் முன்பே படித்திருந்தாள். முதல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட ஒரு சிறுமி, ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருக்கும் புதிய பள்ளிக்கு வருகிறாள். முதல் நாளிலேயே தலைமையாசிரியர் அவள் பேசுவதை மணிக்கணக்கில் பொறுமையாகக் கேட்கிறார்.

தெரிந்த கதை என்பதால் இந்திப் பதிப்பையும் மகள் படித்து முடித்தாள். நோட்டில் தன் முதல் நான்கு வரிகளை இந்தியில் எழுதினாள். புதிதாகப் பள்ளியில் சேர்ந்தவர்கள் இதைப் படிக்கலாம் என்றும், முடிவில் அழுகை வரும், ஏனென்று சொல்லமாட்டேன் என்றும் அதில் இருந்தது. எழுத்துப் பிழைகளுக்கும் குறைவில்லை. ஆசிரியை அவற்றைச் சிவப்பு மையால் திருத்தவில்லை. மறுவாரம் அந்த வரிகளின் கீழே மூன்று மாணவர்கள் பெயர் எழுதி வரிசையில் நின்றனர். அழுகை எந்த இடத்தில் வரும் என்று ஒரு மாணவி அவளிடமே வந்து கேட்டாள். போபாலில் அவளுடைய முதல் நட்பு அப்படித் தொடங்கியது.

பரிந்துரை என்பது படிப்பவருக்கு மட்டுமே உதவுவது என்று எண்ணியிருந்தோம். பரிந்துரைப்பவருக்கும் அது ஓர் இடத்தைப் பெற்றுத் தருகிறது என்பதை அன்று உணர்ந்தோம்.

ஒரு ஷில்லிங் கூலி

இதற்குப் புகழ்பெற்ற முன்னுதாரணமும் உண்டு. 1936-இல் லண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், ஒரு சிறார் கதையின் கையெழுத்துப் பிரதியைத் தம் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். அறிக்கைக்குக் கூலி ஒரு ஷில்லிங். சிறுவன் நன்றாக இருக்கிறது என்று எழுதினான். டோல்கீன் எழுதிய 'தி ஹாபிட்' என்னும் அந்நூல் மறு ஆண்டு வெளிவந்து உலகப் புகழ் பெற்றது.

நம் நாட்டின் 'சுவாமியும் நண்பர்களும்' நூலும் ஒரு நண்பரின் பரிந்துரையால் வெளிவந்ததே. பதிப்பாளர்கள் திருப்பியனுப்பிய பிரதியை, ஆக்ஸ்போர்டில் இருந்த ஆர்.கே. நாராயணின் நண்பர் எழுத்தாளர் கிரகாம் கிரீனிடம் சேர்த்தார். கிரீனின் முயற்சியால் 1935-இல் அது அச்சேறியது.

இன்று நேஷனல் புக் டிரஸ்டின் தேசியச் சிறார் இலக்கிய மையம் பள்ளிகளில் வாசகர் மன்றங்களை ஊக்குவிக்கிறது. போபாலில் ஏகலவ்யா அமைப்பு 1985 முதல் நடத்திவரும் 'சக்மக்' இதழ், குழந்தைகளின் எழுத்துக்கும் ஓவியத்திற்கும் இடம் தருகிறது.

நாம் செய்யக்கூடியவை

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. வகுப்பிலோ, அடுக்ககத்திலோ, உறவினர் பிள்ளைகளுக்கு இடையிலோ ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு நூலுக்கும் மூன்று கேள்விகள்: எந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை? எது பிடிக்கவில்லை? யாருக்கு இதைத் தருவாய்?

இரண்டாவது கேள்வி முக்கியமானது. எல்லாப் புத்தகத்தையும் புகழ்பவரின் சொல்லை எவரும் நம்புவதில்லை. பாதியில் சலித்தது என்று உண்மையாக எழுதும் பிள்ளையின் பாராட்டுக்கே பின்னாளில் மதிப்பு உண்டு. மூன்றாவது கேள்வி, நண்பனின் விருப்பத்தை நினைத்துப் பார்க்கவைக்கிறது. துப்பறியும் கதை விரும்புபவனுக்குச் சத்யஜித் ராயின் ஃபெலூடா. மலைகளும் மரங்களும் பிடித்தவளுக்கு ரஸ்கின் பாண்டின் 'நீலக்குடை' எனத் தேர்ந்து தர அது பழக்குகிறது.

பெரியவர்கள் செய்யாமல் இருக்க வேண்டியவையும் உண்டு. மதிப்பெண் இடவேண்டாம், பிழை திருத்த வேண்டாம், யார் அதிகம் படித்தார் என்ற போட்டியும் வேண்டாம். புத்தகம் வாங்கும் தொகையில் ஒரு பங்கையேனும் பிள்ளைகளின் நோட்டைப் பார்த்துச் செலவிடலாம்.

பத்து வயது நிறைந்த சிறார் தாமே சேமிப்புக் கணக்கு தொடங்கி இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என ரிசர்வ் வங்கி 2014-இல் அறிவித்தது. பணத்தைப் பொறுத்தவரை அவர்களுடைய கையொப்பத்தை நம்புகிறோம். ஒரு புத்தகத்தைப் பற்றி அவர்கள் சொல்லும் சொல்லையும் நம்பலாம். அடுத்தமுறை புத்தகக் கடைக்குச் செல்லுமுன், உங்கள் பிள்ளையிடம் என்ன வேண்டும் என்று கேட்பதோடு, அவர்தம் நண்பர்கள் எதைப் படிக்கச் சொன்னார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள்.