ஹேண்டிகேமுக்கு பெரிய பேட்டரி: எம்ஏஹெச்சைப் பார்த்து வாங்காதீங்க

இந்த எபிசோடுக்குக் காரணம் நேயர் ஒருத்தரோட மெயில். தங்கச்சிக்கு தை மாசம் அரங்கேற்றம். ரெண்டரை மணி நேர நிகழ்ச்சி, இவர்தான் வீடியோ எடுக்கணும். வீட்டுல சோனி ஹேண்டிகேம் இருக்கு, கூட வந்த சின்ன பேட்டரி ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல தாங்கல. ஆன்லைன்ல "4500 எம்ஏஹெச், எக்ஸ்டெண்டட் லைஃப்"னு ஒண்ணு மலிவா கிடைக்குது, வாங்கலாமான்னு கேட்டிருந்தார். அலாரிப்பு முழுசா இருந்து தில்லானா பாதியில நின்னுபோன வீடியோவை வீட்டுல யாருக்கும் போட்டுக் காட்ட முடியாது. அதனால நியாயமான கேள்வி.

முதல்ல, எம்ஏஹெச்சை மறந்துடுங்க. அது பாதி தகவல்தான். பேனசோனிக்கோட விடபிள்யூ-விபிடி380ல 3880 எம்ஏஹெச்னு போட்டிருக்கும். சோனியோட என்பி-எஃப்வி70ஏல வெறும் 1900. பாத்தா பேனசோனிக் ரெண்டு மடங்கு பெருசுன்னு தோணும். ஆனா அது 3.6 வோல்ட், சோனி 7.3 வோல்ட். எம்ஏஹெச்சை வோல்ட்டால பெருக்கி ஆயிரத்தால வகுத்தா வாட்-அவர் வரும். ரெண்டுக்கும் கிட்டத்தட்ட 14! உள்ள இருக்கிற எனர்ஜி ஒண்ணுதான். சோனியில ரெண்டு செல்லைத் தொடரா கோத்திருக்காங்க, அதனால வோல்ட் ஏறி எம்ஏஹெச் இறங்கிடுச்சு. அவ்வளவுதான்.

வாட்-அவர் தெரிஞ்சா மிச்சம் ஆறாம் கிளாஸ் கணக்கு. உங்க கேமரா மேனுவல்ல கடைசிப் பக்கங்கள்ல "பவர் கன்சம்ப்ஷன்"னு வாட்ல போட்டிருக்கும். உதாரணத்துக்கு 5 வாட்னு வெச்சுக்கோங்க. ரெண்டரை மணி நேரத்துக்கு 12.5 வாட்-அவர் வேணும். சோனி வி சீரிஸ்ல சின்னது எஃப்வி50ஏ, சுமார் 7 வாட்-அவர். நடுவுல எஃப்வி70ஏ, 14. பெருசு எஃப்வி100ஏ, 25க்குக் கிட்ட. அப்போ 14 போதுமேன்னு நினைப்பீங்க. போதாது. ஸ்க்ரீன் வெளிச்சத்தை ஏத்தினா, அடிக்கடி ஜூம் பண்ணினா, கேமரா கூடுதலா இழுக்கும். பேட்டரியும் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா சுருங்கும். நான் எப்பவும் கணக்குல வர்றதுக்கு மேல மூணுல ஒரு பங்காவது சேர்த்துதான் பார்ப்பேன்.

மேனுவல்ல ரெக்கார்டிங் நேரம்னு ரெண்டு நம்பர் இருக்கும், கவனிங்க. ஒண்ணு நிறுத்தாம எடுத்தா எவ்வளவு நேரம். இன்னொண்ணு ஆன்-ஆஃப், ஜூம் எல்லாம் சேர்த்த சாதாரணப் பயன்பாட்டுக்கு. ரெண்டாவது பெரும்பாலும் முதலாவதுல பாதிதான். கடைப் பக்கத்துல எதைப் போடுவாங்கன்னு நான் சொல்லணுமா?

இப்போ அந்த 4500 விஷயம். லித்தியம் அயான்ல எனர்ஜி சும்மா வராது, எடையாவும் இடமாவும்தான் வரும். எஃப்வி100ஏவே 3410 எம்ஏஹெச்தான், கேமராவுக்குப் பின்னாடி நல்லா துருத்திக்கிட்டு நிக்கும். அதை விட ஒல்லியான ஒரு பேக்ல 4500ன்னு அச்சடிச்சிருந்தா, அது ஸ்டிக்கர்ல மட்டும் இருக்கிற 4500. கடையில நேர்ல வாங்கினா சமையலறைத் தராசே போதும்: ரெண்டு மடங்கு வாட்-அவர்னு சொன்னா எடையும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இருக்கணும்.

எச்டிஆர்-சிஎக்ஸ்405 மாதிரி குட்டி மாடல் வெச்சிருக்கவங்களுக்கு ஒரு கெட்ட செய்தி. அதுல பேட்டரி மூடி போட்ட பெட்டிக்குள்ள உட்காரும். என்பி-பிஎக்ஸ்1, 1240 எம்ஏஹெச், நாலரை வாட்-அவர். பெட்டியை விடப் பெருசா எதுவும் உள்ள போகாது, அதனால "எக்ஸ்டெண்டட்"ங்கிற பேச்சே கிடையாது. ரெண்டு மூணு ஸ்பேர் வாங்குங்க, இல்லன்னா மின்சாரத்துல செருகிக்கிட்டே எடுக்க முடியுமான்னு மேனுவல்ல பாருங்க. சில கேமராக்கள் யுஎஸ்பி போட்டா ஓடிக்கிட்டே எடுக்கும், சிலது அணைச்சு வெச்சாதான் சார்ஜ் ஆகும்.

வேற கம்பெனி பேட்டரியே வாங்கக் கூடாதான்னு கேட்டா, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நல்லதும் இருக்கு. ஆனா சோனியோட இன்ஃபோலித்தியம் பேக்ல ஒரு சின்ன சிப் இருக்கு, அதுதான் "இன்னும் 48 நிமிஷம்"னு கேமராவுக்குச் சொல்லுது. அந்தப் பேச்சுவார்த்தை சரியா நடக்கலன்னா நிமிஷக் கணக்கு தெரியாது, இல்ல தப்பாத் தெரியும். சில சமயம் கேமரா அந்த பேட்டரியை ஏத்துக்கவே ஏத்துக்காது. மேடை ஓரத்துல நின்னுக்கிட்டு இதைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

அதனால வாங்கின வாரமே, ரிட்டர்ன் பண்ற தேதிக்குள்ள, ஒரு டெஸ்ட். ஃபுல் சார்ஜ் பண்ணி, ஸ்க்ரீனைத் திறந்து, ஓடுற ஃபேனைப் பார்த்து கேமராவை வெச்சு, தானா அணையற வரைக்கும் ரெக்கார்ட் பண்ணுங்க. வந்த ஃபைல்களோட மொத்த நேரத்தை மேனுவல்ல இருக்கிற வாட்டால பெருக்கினா உண்மையான வாட்-அவர் தோராயமா கையில வந்துடும். லேபிளுக்கும் அதுக்கும் பெரிய பள்ளம் இருந்தா திருப்பி அனுப்பிடுங்க.

சரி, அந்த நேயர் என்ன வாங்கணும்? பெரிய எஃப்வி100ஏ ஒண்ணா, நடுத்தர எஃப்வி70ஏ ரெண்டா? கணக்குப்படி ரெண்டுமே போதும். நான் ரெண்டு நடுத்தரம்தான் சொல்வேன். பெரிய பேக் போட்டா கையில பிடிச்சு எடுக்கும்போது பின்பக்கம் இழுக்கும், வியூஃபைண்டர் உள்ள மாடல்ல கண்ணை வைக்கவும் இடைஞ்சல். அதை விட முக்கியம், இருக்கிற ஒரே பேக் மண்டையைப் போட்டா அன்னைக்குக் கதை முடிஞ்சது. ரெண்டு இருந்தா பாதியாவது காப்பாத்தலாம். மேலும் அரங்கேற்றத்துல இடைவெளி தானா வருது. வர்ணம் முடிஞ்சதும் பொண்ணு உடை மாத்தப் போவா, சிறப்பு விருந்தினர் மைக் பிடிப்பார். அங்க மாத்துங்க. முதல் பேட்டரியில இன்னும் 30 சதவீதம் இருக்கேன்னு கஞ்சத்தனம் பண்ணாதீங்க. லித்தியத்துக்குப் பாதியில கழட்டினா ஒண்ணும் ஆகாது. ஆனா ரெக்கார்டிங்கை நிறுத்தி, கேமராவை அணைச்ச பிறகுதான் கழட்டணும். எழுதிக்கிட்டிருக்கும்போது பவர் போனா அந்த ஃபைலே திறக்காம போகலாம்.

தனி சார்ஜர் ஒண்ணும் சேர்த்து வாங்குங்க. கேமராவுக்குள்ளயே வெச்சு ஒண்ணு மாத்தி ஒண்ணு சார்ஜ் பண்ணினா முந்தின நாள் ராத்திரி தூங்க முடியாது. வெளியூர் நிகழ்ச்சிக்கு விமானத்துல போறீங்கன்னா ஸ்பேர் பேட்டரி கைப்பையிலதான் போகணும், செக்-இன் பெட்டியில கூடாது. 100 வாட்-அவர் வரைக்கும் தனியா அனுமதி தேவையில்ல, நம்ம பேட்டரி அதுல கால்வாசிதான். முனைகள் சாவி, சில்லறை மேல படாம உறையில போட்டு வைங்க. விழா முடிஞ்சு மாசக்கணக்குல தொடப் போறதில்லன்னா பாதி சார்ஜோட பீரோவுல வைங்க. ஃபுல்லாவோ காலியாவோ வெயில் படற அலமாரியில விட்டா அடுத்த விசேஷத்துக்கு மறுபடியும் எனக்கு மெயில் எழுதுவீங்க.