காமிராவும் காடும் கட்டுச்சோறும்

போட்டோக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டால் வீடு நிறைய நம் படமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற சகோதரிகள் உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்கள்! கூடத்தில் என் படம் ஒன்றே ஒன்று. அதுவும் கல்யாணத்தன்று எடுத்தது. மற்றச் சுவரெல்லாம் வரையாடு, யானை, சோலைமந்தி, இருவாச்சிப் பறவை!

பொள்ளாச்சியில் என் கணவருக்குச் சின்னதாக ஒரு ஸ்டுடியோ. தை, வைகாசி, ஆவணி என்றால் கல்யாண வீடுகள். ஆடியும் மார்கழியும் வந்தால் போதும், காமிராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆனைமலைப் பக்கம் கிளம்பிவிடுவார். "கல்யாணத்துக்குப் போனாக் காசு. காட்டுக்குப் போனா என்னடா கெடைக்கும்?" என்று என் அத்தை கேட்காத ஆடி மாதம் கிடையாது. அவரோ சிரித்துவிட்டு, "அம்மா, கல்யாணத்துல எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கறாங்க. காட்டுல ஒருத்தரும் சிரிக்கறதில்ல. அதுதான் நெசமான முகம்" என்பார்.

நாலு மணி அடுக்களை

காட்டுக்குப் போகிறவர் விடிவதற்குள் அங்கே இருக்க வேண்டும். ஆகவே என் அடுப்பு மூன்றரை மணிக்கே எரியும். புளிச்சோறு, வறுத்த நிலக்கடலை, ஒரு பாட்டில் வெந்நீர். அன்றைக்கு பவுடர், சென்ட், வாசனைச் சோப்பு எதுவும் கிடையாது. மிருகங்களுக்கு மூக்குத்தான் முதல் கண்ணாம். சட்டையும் பளிச்சென்று இருக்கக் கூடாது. சாயம் போன பழைய பச்சைச் சட்டைதான். "மாப்பிள்ளை வேலைக்குப் போறாரா, மாடு மேய்க்கப் போறாரா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டதுண்டு.

திரும்பி வந்தால் எனக்கு வேறு வேலை. மழைக் காட்டு ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். பிடித்துவிட்டால் துடைத்துப் போகாது, ஆயிரக்கணக்கில் நஷ்டம். அதனால் காற்றுப் புகாத சம்படத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து மூடுகிறேன். நீல மணிகள் ஈரம் குடித்தால் வெளிர்ச் சிவப்பாகும்; வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் வாட்டினால் மறுபடி நீலமாகும். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்க மாட்டேன். மணிகள் குழந்தை கைக்கு எட்டாமலும் இருக்க வேண்டும்.

நாற்பது கொண்டை ஊசி வளைவுகள்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவுப் பக்கம் நம் மாநில விலங்கான வரையாடு பாறை மேல் நிற்பதைப் பஸ்ஸில் போகிறவர்களே பார்க்கலாம். 2024-ல் வெளியான கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் 1,031 வரையாடுகள்தான் எண்ணப்பட்டன. ஒரு நடுத்தரக் கல்யாணத்துக்கு வருகிற கூட்டம்தானே அது! இந்த அருமை தெரியாமல் சிலர் காரை நிறுத்திச் சிப்ஸும் பிஸ்கட்டும் நீட்டுகிறார்கள். அதைத் தின்று பழகிய விலங்கு சாலைக்கு வரும். சாலைக்கு வந்தால் வண்டியில் அடிபடும். புதுத்தோட்டம் பக்கத்துச் சோலைமந்திகளும் இப்படி அடிபட்டதால்தான், சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டிக் கொடுத்தார்கள்.

போன என்பதால் எல்லாரும் இன்று படம் எடுக்கிறார்கள். ஆனால் ஒரு படத்துக்காக எத்தனை நாள் காத்திருக்கலாம் என்பதை, சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணனைச் சொல்லித்தான் என் கணவர் விளக்குவார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர் 1912-ல் பிறந்தவர். கறுப்பு வெள்ளைப் படங்கள்தாம். பல பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கனத்த காமிரா. கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-லிருந்து 1996-ல் மறையும் வரை, நாற்பத்தாறு வருஷம் இயற்கையைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். "அந்த மனுசன் பொறுமையில காலணா அளவு இருந்தாப் போதும்" என்பார் என்னவர்.

"அவ போன்னு சொன்னா"

வால்பாறையில் தேயிலைத் தோட்டமும் காடும் பின்னிக் கிடக்கின்றன. யானைகள் ஒரு சோலையிலிருந்து இன்னொரு சோலைக்குப் போவதானால் தோட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். இருட்டில் எதிர்ப்பட்டு உயிர்விட்டவர்கள் உண்டு. அதனால் யானைக் கூட்டம் அருகே நடமாடினால் கைபேசிக்குச் செய்தி அனுப்பவும், உயரமான இடங்களில் சிவப்பு விளக்கு எரியவும் ஏற்பாடு செய்தார்கள்.

ஒரு நாள் மாலை அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்து ரோட்டோரமே நின்றுவிட்டாராம் இவர். தோட்டத்துக்குள் ஏழு யானைகள்; நடுவே ஒரு குட்டி. யானைக் கூட்டத்துக்கு வயதில் மூத்த பெண் யானைதான் தலைவி. குட்டியைத் தாய் மட்டும் பார்த்துக்கொள்வதில்லை. சித்தி, பெரியம்மா, அக்கா எல்லாருமே பாராக் கொடுப்பார்கள். இருபத்திரண்டு மாதம் சுமந்து பெற்ற பிள்ளை ஆயிற்றே! காமிராவை உயர்த்துகிற நேரத்தில் மூத்தவள் திரும்பி, காதை விரித்து நின்றிருக்கிறாள்.

"படம் எடுத்தீங்களா?" என்று ஆவலாகக் கேட்டேன்.

"இல்ல அம்மிணி. அவ போன்னு சொன்னா. ஓடாம, பின்னாலயே மெல்ல நடந்து வந்துட்டேன்."

அந்த வார்த்தைக்குப் பிறகுதான் இவர் காட்டுக்குப் போகிற இரவுகளில் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

அடைபட்ட தாய்

இருவாச்சி என்கிற பெரிய பறவையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மூன்றடிக்கு மேல் நீளம். மஞ்சள் அலகின்மேல் கொண்டை போல ஒரு புடைப்பு. பறக்கும்போது இறக்கைச் சத்தம் பழைய ரயில் எஞ்சின் மாதிரி கேட்குமாம்.

முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பெரிய மரப்பொந்துக்குள் போய், தன் எச்சத்தையும் மரத்தூளையும் கொண்டு வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். முட்டை பொரியவே நாற்பது நாளாகும். அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் அவள் உள்ளேதான். அத்தனை நாளும் ஆண் பறவைதான் அத்திப்பழத்தையும் மற்றப் பழங்களையும் தொண்டையில் நிரப்பிக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகக் கக்கிக் கீறல் வழியே ஊட்டும். ஆண் பறவை மிரண்டு வராமல் போனால், உள்ளே இருக்கிற தாயும் குஞ்சும் பட்டினிதான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மாசி மாதம், காடர் இனத்துப் பெரியவர் ஒருவர் என் கணவருக்கு அப்படி ஒரு பொந்தைத் தூரத்திலிருந்து காட்டினார். எப்படியோ அந்தச் செய்தி ஒரு நிறுவனத்துக்காரர் காதுக்கு எட்டிவிட்டது. தங்கள் காலண்டருக்கு, ஆண் பறவை ஊட்டுகிற படம் வேண்டும். அதுவும் மிக அருகில் வேண்டும். எதிர் மரத்தில் மச்சு கட்டி, மறைக்கிற கிளைகளை வெட்டிவிட்டு எடுக்கலாம் என்றார். நாற்பதாயிரம் தருவதாகவும் சொன்னார்.

நாற்பதாயிரம்! பெரியவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கட்டவேண்டிய பணம் ஏறக்குறைய அதே தொகை. இவர் என்னிடம் வந்து, "நீ சொல்லு" என்று உட்கார்ந்துவிட்டார்.

மூத்தவளைப் பெற்றபோது அம்மா வீட்டில் மூன்று மாதம் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தவள் நான். வாசலில் அப்பா செருப்புச் சத்தம் கேட்டால், பத்தியக் கறிக்குப் பிஞ்சுக் கத்தரிக்காய் வந்துவிட்டது என்று மனசு குளிரும். அந்தச் சத்தம் ஒரு நாள் கேட்காமல் போயிருந்தால்?

"வேண்டாம்னு சொல்லிருங்க. பணத்துக்கு நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மாதச் சீட்டைத் தள்ளி எடுத்தேன். ஏழாயிரம் ரூபாய் கழிவு போயிற்று. அந்த வருஷத் தீபாவளிக்கு எனக்குப் புடவை கிடையாது. அத்தை இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் சித்திரை கடைசியில் இவர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு வந்து, "பொந்து திறந்திருச்சு. மூணு பேரும் மேல மரத்துல இருக்காங்க" என்று சொன்னபோது, "குட்டி நல்லாருக்கா?" என்று முதலில் கேட்டவரும் அத்தைதான்!

குழந்தைகளோடு கோடிக்கரை

காட்டுக்குக் குழந்தைகளை அழைத்துப் போகத் தயங்குகிறவர்கள் கோடிக்கரையில் தொடங்கலாம். திறந்த புல்வெளியில் வெளிமான்கள். குளிர் மாதங்களில் சதுப்பு நீரில் பூநாரைகள். பூநாரை தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அலகால் நீரை வடிகட்டித் தின்னும். அதன் ரோஜா நிறம் தின்கிற இரையால் வருவது. இதைக் கேட்ட என் மகன் இரண்டு நாள் மறுக்காமல் காரட் தின்றான்!

போகுமுன் கவனிக்க வேண்டியவை

• அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காமல், வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்து நெம்பி விடுங்கள். ரத்தம் உறையாமல் செய்கிற பொருளை அது விடுவதால் கொஞ்ச நேரம் வழியும், பயம் வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவிச் சுத்தத் துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

• வீடு திரும்பியதும் குழந்தைகளின் அக்குள், காது மடல், தலைமுடிக்குள் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். நாலைந்து நாளில் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போனதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

• பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்துதான் வழி. அதற்கு விஷம் எடுத்துத் தருவதற்கென்றே மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-லிருந்து இருளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது.

• கூட்டை நெருங்கிப் படம் எடுக்கவே வேண்டாம். பறவை கத்தினாலோ, யானை காதை விரித்தாலோ, "போ" என்கிறது என்று பொருள். நம் வீட்டுத் திண்ணையில் முன்பின் தெரியாதவர் ஏறினால் நாம் சும்மா இருப்போமா?

இந்த மார்கழிக்கும் என்னவர் கிளம்பத்தான் போகிறார். நிலக்கடலை வறுத்தாயிற்று. சிலிக்கா ஜெல்லை மட்டும் இன்னும் ஒரு தரம் வாட்ட வேண்டும்.