லாரா பால்மரின் டைரி: தொடரை நம்புவதா, நூலை நம்புவதா?

கதை முதலில் பத்திரிகையில் வரும்; பிறகு சினிமாவாகவோ சீரியலாகவோ ஆகும். நமக்குப் பழகிய வழி இதுதான். கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' விகடனில் தொடர்கதையாக வந்து 1968-ல் படமானது. தொண்ணூறுகளில் நம் வீடுகளைக் கலங்கடித்த 'மர்மதேசம்' தொடருக்கும் பின்னால் இருந்தவை இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளே.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான ஒரு வழக்கம் உண்டு. டி.வி. தொடர் முதலில், அது பெயர் வாங்கியதும் அதே பாத்திரங்களை வைத்து ஒரு நாவல். இவற்றில் பெரும்பாலானவை சுமார் ரகம்தான். ரயிலில் படித்துவிட்டு இறங்கும்போது ஸீட்டிலேயே விட்டுவிட்டு வந்தால் நஷ்டமில்லை. ஆனால் ரசிகர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விடாமல் வாதாடிக் கொண்டிருக்கும் நூல் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

'ட்வின் பீக்ஸ்' என்ற தொடர் 1990 ஏப்ரல் 8 அன்று ஏ.பி.சி. நிறுவனத்தில் தொடங்கியது. உருவாக்கியவர்கள் டேவிட் லிஞ்ச், மார்க் ஃப்ராஸ்ட் இருவரும். வாஷிங்டன் மாநிலத்தில், கனடா எல்லையருகே ஒரு கற்பனைச் சிற்றூர். லாரா பால்மர் என்ற பள்ளி மாணவியின் உடல் பிளாஸ்டிக் தாளில் சுற்றப்பட்டுக் கரை ஒதுங்குகிறது. துப்பறிய எஃப்.பி.ஐ. அதிகாரி டேல் கூப்பர் வருகிறார். முதலில் சாதாரணத் துப்பறியும் கதை போலத்தான் போகும். பிறகு கனவுகள், சிவப்புத் திரை தொங்கும் ஓர் அறை, பாப் என்றொரு துர்ஆவி என்று வேறு தடத்துக்கு மாறிவிடும்.

முதல் பருவம் மே மாதம் முடிந்தது. கொலையாளி யாரென்று சொல்லவில்லை. அடுத்த பருவம் செப்டம்பர் இறுதியில்தான். அந்த இடைவெளி முடியும் தறுவாயில் பாக்கெட் புக்ஸ் நிறுவனம் 'லாரா பால்மரின் ரகசிய டைரி' என்ற நூலை வெளியிட்டது. எழுதியவர் டேவிட் லிஞ்சின் மகள் ஜெனிஃபர். வயது 22. கொலையாளி யாரென்று முன்கூட்டியே அறிந்திருந்த வெகு சிலரில் அவரும் ஒருவர். நூல் விற்பனைப் பட்டியல்களில் ஏறியதில் வியப்பில்லை. டி.வி.யில் உண்மை உடைபட்டது நவம்பர் 10-ஆம் தேதி. அதுவரை ரசிகர்கள் கையில் இருந்த ஒரே சாட்சி இந்தப் புத்தகம்தான். வரி வரியாகத் துருவியிருக்கிறார்கள்.

டைரி லாராவின் பன்னிரண்டாவது பிறந்தநாளான 1984 ஜூலை 22-ல் தொடங்குகிறது. குதிரைக்குட்டி, தோழி டோனா என்று குழந்தைத்தனமாக ஆரம்பித்து, இரவில் ஜன்னல் வழியே வரும் பாப் பற்றிய பயமாக மாறி, போதைப் பழக்கத்தில் போய் விழுகிறது. நடுநடுவே சில பக்கங்கள் கிழிக்கப்பட்டிருப்பதாகக் குறிப்பு வரும். கடைசியில், பாப் யாரென்று தனக்குத் தெரிந்துவிட்டது என்று எழுதுகிறாள். பெயரை மட்டும் எழுதவில்லை.

இனி ரசிகர்களின் சண்டைக்கு வருவோம். தொடரின்படி லாராவின் உடல் கிடைப்பது 1989 பிப்ரவரி 24. டைரியோ 1989 அக்டோபரையும் தாண்டிப் போகிறது. அதாவது இறந்த பெண் எட்டு மாதம் டைரி எழுதியிருக்கிறாள்! இதை வெறும் அச்சுப் பிழை என்று தள்ளுவோர் உண்டு. தொடரே மேலான ஆதாரம், நூலின் தேதிகளைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்போர் உண்டு. கனவும் ஆவியும் நடமாடும் கதையில் காலண்டரை எதற்குப் பார்க்கிறீர்கள் என்று சிரிப்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாமவர் கட்சி சரியென்று படுகிறது. ரயில்வேயில் விதிப்புத்தகம் ஒன்று சொல்லும். பிறகு வந்த கரெக்‌ஷன் ஸ்லிப் வேறொன்று சொல்லும். எது செல்லும் என்பதில் சந்தேகம் கிடையாது, ஸ்லிப்பில் எண்ணும் தேதியும் இருக்கும். கதை எழுதுகிறவர்கள் அப்படி ஸ்லிப் அனுப்புவதில்லை என்பதுதான் ரசிகர்களின் கஷ்டம்.

ஓரளவு அனுப்பவும் செய்தார்கள். மார்க் ஃப்ராஸ்ட் 2016-ல் எழுதிய 'ட்வின் பீக்ஸின் ரகசிய வரலாறு' நூலில், உணவு விடுதி நடத்தும் நார்மாவின் தாய் 1984-லேயே இறந்துவிட்டதாக வருகிறது. தொடரிலோ நார்மாவின் தாய் நேரில் வந்து, விடுதிச் சாப்பாட்டைக் குறை கூறி எழுதிவிட்டுப் போகிறாள். ரசிகர்கள் கொதித்தார்கள். மறு ஆண்டு வந்த அடுத்த நூலில் அதற்கும் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது.

தேதிச் சண்டையை விட ஆழமான விவாதம் ஒன்று இருக்கிறது. கதையின் முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். கொலை செய்தவர் லாராவின் தந்தை லீலண்ட். அவருக்குள் பாப் புகுந்திருந்தான் என்கிறது தொடர். அப்படியானால் குற்றம் யாருடையது? எல்லாவற்றையும் பேயின் தலையில் கட்டிவிட்டால் தகப்பனை மன்னித்துவிடலாம். தொடரின் ஓரிடம் அப்படியே முடிகிறது. டைரியைப் படித்தவர்களால் அவ்வளவு சுலபமாக மன்னிக்க முடியவில்லை. காரணம், டி.வி.யில் லாரா ஒரு புகைப்படம்; நூலில் அவள் பேசுகிறாள். பன்னிரண்டு வயதுக் குழந்தை, தனக்கு நடப்பதற்குப் பெயர் தெரியாமல், தான்தான் கெட்டவளோ என்று எழுதும்போது, பாப் என்பது அவள் தாங்க முடியாத உண்மைக்கு மாட்டிய முகமூடிதான் என்று சிலர் வாதிடுகிறார்கள். ஆவி மெய்யானதே என்பவர்களும் கூட, வீட்டுக்குள் நடந்ததை ஊரே பார்க்காமல் இருந்தது என்பதை மறுப்பதில்லை. 1992-ல் வந்த திரைப்படம் டைரியின் பக்கமே சாய்ந்தது. நம் வீட்டுப் பதின்வயதுப் பிள்ளைகள் இந்நூலைக் கேட்டால் பெற்றோர் முதலில் படித்துவிடுவது நல்லது. விஷயம் கடுமையானது, மொழியும் பச்சையானது.

இவர்கள் வாதாடிய விதமும் சொல்லத்தக்கது. தொடர் 30 பகுதிகளோடு 1991 ஜூனில் நிறுத்தப்பட்ட பிறகு, 1992-ல் 'ராப்ட் இன் பிளாஸ்டிக்' என்ற தனி இதழே தொடங்கி 2005 வரை 75 இதழ்கள் கொண்டுவந்தார்கள். நின்றுபோன ஒரு சீரியலுக்கு! சங்க இதழ் நடத்தும் நம்மவர்களுக்கு அந்த உழைப்பின் அருமை தெரியும்.

கிழிந்த பக்கங்களின் கதை இன்னும் இருக்கிறது. 1992 படத்தில், எதிர்காலத்திலிருந்து வந்தவள் போல ஒரு பெண் லாராவின் கனவில் தோன்றி, ஒரு செய்தியை டைரியில் எழுதிக்கொள்ளச் சொல்கிறாள். 1990 நூலில் அது எப்படி இருக்கும்? ஆனால் அங்கேதான் கிழிந்த பக்கங்கள் இருக்கின்றனவே! 2017-ல் தொடர் மீண்டும் 18 பகுதிகளாக வந்தபோது, காணாமல் போன பக்கங்கள் காவல் நிலையக் கழிப்பறைக் கதவின் உள்ளிருந்து கிடைத்தன. அந்தச் செய்தியும் அதில் இருந்தது. அதே ஆண்டில் லாராவாக நடித்த ஷெரில் லீயே முழு டைரியையும் தன் குரலில் படித்து ஒலிநூலாக வெளிவந்தது. கதவில் கிடைத்தவை மூன்று பக்கங்கள். தொலைந்தவை நான்கு. அந்த நாலாவது பக்கத்தில் என்ன இருந்தது என்பது டேவிட் லிஞ்ச் 2025 ஜனவரியில் காலமாகும் வரை எந்தத் திரையிலும் வரவில்லை.