கலியாணத்துக்கு நாள் வைக்கும் முன்: மண்டபத்துக்கு முதல் பார்க்க வேண்டியவை

2009ஆம் ஆண்டு மே மாதம் பத்து வயதில் இருந்த பிள்ளைகளுக்கு இப்போது கலியாணம் பேசுகிறார்கள். முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியேறி, மெனிக் பாமில் மாதக்கணக்கில் இருந்து, ஊர் திரும்பி, படித்து, வேலை தேடி நிமிர்ந்த தலைமுறை இது. சாதகம் பொருந்தி இரண்டு வீடும் சம்மதித்தவுடன் எல்லோரும் முதலில் ஓடுவது மண்டபம் பதியத்தான். ஆனால் போர் தின்ற குடும்பங்களில் கடைசி வாரத்தில் வந்து கழுத்தைப் பிடிப்பது மண்டபமோ சமையலோ அல்ல. தொலைந்துபோன பிறப்புச் சான்றிதழ், காணாமல் ஆக்கப்பட்ட அப்பாவின் கையெழுத்து தேவைப்படும் காணி, அழைப்பிதழில் அவருடைய பெயரை எப்படி அச்சிடுவது என்ற கேள்வி ஆகியவையே. இவற்றுக்குக் காசை விடக் காலம்தான் அதிகம் தேவை. எனவே கலியாணத்துக்கு முந்திய ஆறு மாதங்களை எந்த ஒழுங்கில் பயன்படுத்தலாம் என்று பார்ப்போம்.

முதலில் ஆவணங்கள்

மணமக்கள் இருவரதும் பிறப்புச் சான்றிதழையும் தேசிய அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி மூன்றும் ஒத்துப்போகின்றனவா? இடப்பெயர்வுக் காலத்தில் பிறந்த பிள்ளைகளில் பலருக்கு இவை ஒத்துப்போவதில்லை. பெற்றோரின் ஊர் ஒன்று, பிறந்த வைத்தியசாலை இன்னொன்று, பதிவு நடந்தது மூன்றாவது இடத்தில் என்று இருக்கும். சான்றிதழ் தொலைந்திருந்தால், எந்தப் பிரிவில் பதியப்பட்டது என்பதைத் தாயிடம் கேட்டு, அதன்படி பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறப்பே பதியப்படாமல் இருந்தால் காலங்கடந்த பதிவுக்கோ, அதுவும் முடியாதபோது உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ போக வேண்டியிருக்கும். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், பாடசாலைப் பதிவு, கோயில் அல்லது ஆலயப் பதிவு என்று ஒவ்வொன்றாகத் திரட்டவே வாரங்கள் போய்விடும்.

மாப்பிள்ளையோ பொம்பிளையோ வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் என்றால், ஏற்கெனவே திருமணமாகாதவர் என்பதற்கான அத்தாட்சி உட்பட அந்த நாட்டில் இருந்து பெற வேண்டிய பத்திரங்களும் உண்டு. வெளிநாட்டவரைத் திருமணம் செய்வது பற்றிய நடைமுறைகள் அண்மைய ஆண்டுகளில் மாறி வந்திருக்கின்றன. விமானச் சீட்டுப் போடும் முன் பதிவாளரிடம் நேரில் கேட்டு, தேவையானவற்றை எழுதி வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு.

எழுத்தைப் பின்போடாதீர்கள்

எங்கள் ஊர்களில் ‘எழுத்து’ என்று சொல்லும் விவாகப் பதிவு, 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பதிவாளருக்கு அறிவித்தல் கொடுத்து, 12 நாட்கள் கழிந்த பின்பே சாதாரண முறையில் எழுத்து நடத்தலாம். அறிவித்தல் கொடுத்து மூன்று மாதங்களுக்குள் அதை முடிக்கவும் வேண்டும். அவசரமானவர்களுக்கு விசேட அனுமதிப்பத்திரம் என்ற வழி இருக்கிறது. பதிவாளரை மண்டபத்துக்கு அழைப்பதானால் அதையும் முன்கூட்டியே ஒழுங்குபடுத்த வேண்டும். இரண்டு சாட்சிகள் தேவை. கத்தோலிக்கக் குடும்பங்கள் ஆலயத்தில் ஓலை வாசிப்பதற்கான ஞாயிற்றுக்கிழமைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தாலி கட்டினால் போதும், எழுத்தைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வழமைப்படி நடந்த திருமணத்தை நீதிமன்றங்கள் ஏற்பதுண்டுதான். ஆனால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். போரின் கடைசி ஆண்டுகளில் கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து வன்னியில் அவசர அவசரமாகப் பல கலியாணங்கள் நடந்தன. அவற்றில் பல எழுதப்படவே இல்லை. கணவன் இல்லாமல் போனபின் உதவிக்கும் காணிக்கும் பிள்ளையின் பிறப்புப் பதிவுக்கும் ‘விவாகச் சான்றிதழ் எங்கே’ என்று கேட்கப்பட்ட பெண்கள் பட்ட பாட்டை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். அடுத்த தலைமுறைக்கும் அந்த நிலை வேண்டாம்.

அப்பாவின் பெயருக்கு முன்னால் என்ன போடுவது?

அழைப்பிதழ் அச்சிடப் போகும்போதுதான் இந்தக் கேள்வி வரும். தகப்பன் இறந்திருந்தால் ‘அமரர்’ அல்லது ‘காலஞ்சென்ற’ என்று போடுவது வழக்கம். இராணுவத்திடம் கையளிக்கப்பட்டு, அல்லது பிடித்துச் செல்லப்பட்டு, திரும்பி வராதவருக்கு? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டகைகளில் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரும் மனைவிமாரும் கேட்டது அதே கேள்வியைத்தான்: அவர் எங்கே? அதற்குப் பதில் வராமல் அந்தச் சொல்லை மகளின் கலியாணக் கார்ட்டில் போட ஒரு தாய்க்குக் கை வராது. போட வேண்டிய கட்டாயமும் இல்லை. எந்த அடைமொழியும் இல்லாமல் ‘திரு. திருமதி’ என்று இருவர் பெயரையும் அச்சிடலாம். பல குடும்பங்கள் அப்படித்தான் செய்கின்றன. இதைத் தீர்மானிக்க வேண்டியவர் தாய். அச்சகத்துக்குப் போகும் உறவினர் அல்ல.

பத்திரங்களிலும் இதே வேறுபாடு இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனவருக்கு இறப்புச் சான்றிதழ் பெற வழி செய்தது. ‘இறந்துவிட்டார்’ என்று ஒப்புக்கொள்ள மறுத்த குடும்பங்களுக்கு அது தீர்வாகவில்லை. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம், காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்ற இரண்டாவது வழியைத் திறந்தது. இதைப் பெறுவதால் அவர் இறந்ததாக யாரும் ஒப்புக்கொண்டதாகாது. பின்னர் விசாரணை கேட்கும் உரிமையும் போகாது. கலியாணத்தை முன்னிட்டு ‘ஏதாவது ஒரு சான்றிதழை எடுத்து முடியுங்கோ’ என்று அவசரப்படுத்துபவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள். பிள்ளை 18 வயது கடந்தவர் என்றால் எழுத்துக்குப் பெற்றோரின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. அதற்காக மட்டும் இறப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டியதில்லை.

சடங்கிலும் முன்கூட்டியே கதைத்து முடிவெடுக்க வேண்டியது ஒன்று உண்டு. பொன்னுருக்கல், கன்னிக்கால் நடுதல், பாலறுகு வைத்தல், தாரை வார்த்தல் என்று ஒவ்வொன்றிலும் யார் முன்னுக்கு நிற்பது? மாமன், மாமி அல்லது சித்தப்பா, சித்தி சோடியாக நின்று தாரை வார்ப்பதுதான் பொதுவாக நடப்பது. அதில் பிழையில்லை. ஆனால் பதினைந்து வருடத்துக்கு மேல் தனி ஆளாக உழைத்துப் பிள்ளையை வளர்த்த தாயை மண்டபத்தின் பின்வரிசைக்கு அனுப்புவதை எந்தச் சாத்திரத்தைக் காட்டி நியாயப்படுத்துவது? தாயே மணவறையில் நின்ற கலியாணங்களும் எங்கள் ஊர்களில் நடக்கின்றன. ஐயரிடமும் பெரியவர்களிடமும் இரண்டு மாதம் முதலே கதைத்து வையுங்கள். அன்று காலை மணவறையில் வைத்துப் பேசும் கதை அல்ல இது.

சீதனக் காணி

சீதனம் வாங்குவது சரியா என்பது வேறு விவாதம். கொடுப்பது என்று தீர்மானித்த குடும்பங்கள் காணி உறுதியை உடனே பார்க்க வேண்டும். தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்குப் பொருந்தும் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, திருமணமான பெண் தன் பெயரில் உள்ள காணியைக்கூடக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் பாரப்படுத்த முடியாது. கணவன் காணாமல் ஆக்கப்பட்ட தாய், தன் சொந்தச் சீதனக் காணியை மகளுக்கு எழுத நொத்தாரிசிடம் போய்த் திரும்பி வருவது இதனால்தான். கணவன் இருக்குமிடம் தெரியாதபோது மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதத்துக்குப் பதிலான கட்டளையைக் கேட்கலாம். ஆனால் நீதிமன்றத் தவணைகள் முகூர்த்தத்தைப் பார்த்து வருவதில்லை.

வன்னியில் பெரும்பாலான குடியேற்றக் காணிகள் உறுதிக் காணிகள் அல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள். பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அவற்றைக் கைமாற்ற முடியாது. ‘காணி தருவோம்’ என்று சம்பந்திக்கு வாக்குக் கொடுக்கும் முன் பத்திரம் யார் பெயரில், எந்த வகையில் இருக்கிறது என்று பாருங்கள். கொடுக்க முடியாத காணிக்காக நின்றுபோன கலியாணங்கள் உண்டு. மகளுக்கு எழுதும் காணியை அவள் பெயரிலேயே எழுதுங்கள். திருமணத்தின் பின் அதே 1911ஆம் ஆண்டுச் சட்டம் அவளுக்கும் பொருந்தும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

நாளும் காசும்

வைகாசி நல்ல மாதம் என்பார்கள். ஆனால் வைகாசி பிறப்பது மே நடுப்பகுதியில். மே 18 அதோடு வந்துவிடும். கார்த்திகையில் நவம்பர் 27. இந்த இரண்டு வாரங்களிலும் மேளம் கேட்க விரும்பாத வீடுகள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கின்றன. சாத்திரியார் குறித்துத் தரும் நாட்களில் இவற்றை முதலிலேயே தள்ளிவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வீதிகள் வெள்ளத்தில் போவதும் உண்டு. ஆவணியில் வெளிநாட்டு உறவுகள் வருவதால் மண்டப வாடகை ஏறும். வயலை நம்பிய குடும்பத்துக்குக் காலபோக அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் காலமே வசதி.

செலவில் பெரியது நகை. தாலிக்கொடி ஏழு, ஒன்பது, பதினொரு பவுண் என்று பேசப்படுகிறது. 2022 மார்ச்சில் ரூபா மிதக்க விடப்பட்ட பின் பவுண் விலை எங்கே போனது என்பதை எல்லோரும் அறிவார்கள். பவுண் கணக்கைப் பேசும் நாளிலேயே, விலை ஏறினால் கணக்கைக் குறைக்கலாம் என்பதையும் இரு வீடும் பேசி வைக்க வேண்டும். வாரா வாரம் வாசலுக்கு வரும் நுண்கடனை எடுத்துக் கலியாணம் செய்யாதீர்கள். வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த நுண்கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது என்றால், அந்தக் கடன் எங்கள் பெண்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை விளங்கிக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருந்து அண்ணா அனுப்புவார் என்றால், எவ்வளவு, எப்போது என்று கேட்டு எழுதி வைத்த பின்பே மண்டபத்துக்கு முற்பணம் கட்டுங்கள்.

வருபவர்களுக்காக

மண்டபத்தைப் பார்க்கப் போகும்போது படிகளை எண்ணிப் பாருங்கள். கால் இழந்தவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் இல்லாத சொந்தம் எங்களிடம் இல்லை. சரிவுப் பாதையும், நிலத்தில் இருக்க முடியாதவர்களுக்குக் கதிரையும், மேசை போட்ட பந்தியும் வேண்டும். மாப்பிள்ளை வரும்போது வெடி கொளுத்துவதானால் அயல் வீடுகளுக்கு முதல் நாளே சொல்லுங்கள். விட்டுவிட்டால் இன்னும் நல்லது. வீடியோக்காரர் ட்ரோன் பறக்கவிடுவாரா என்றும் கேளுங்கள். தலைக்கு மேல் இரைந்துகொண்டு நின்ற வேவு விமானத்துக்கு ‘வண்டு’ என்று பெயர் வைத்த சனம் அந்தப் பந்தலில் சாப்பிட இருக்கும்.

இவற்றில் எதுவும் பெரிய செலவு பிடிக்கும் வேலையில்லை. நாள் வைத்த கிழமையே ஒரு கொப்பியில் நான்கு பக்கம் பிரியுங்கள்: ஆவணம், காணி, சடங்கில் நிற்பவர்கள், காசு. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் ஆளைப் பொறுப்பு வையுங்கள். எல்லாப் பக்கத்துக்கும் தாய் ஒருத்தியே ஓடித் திரிய வேண்டாம். அவர் இவ்வளவு காலமும் ஓடியது போதும்.