பாப்பாவின் பஞ்சுமிட்டாய்க்கு யார் காசு?

முழுப் பரீட்சை முடிந்த மறுநாளிலிருந்து சென்னை அடுக்ககங்களில் ஒரு தலைவலி ஆரம்பிக்கும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அப்பா அம்மாவுக்கு லீவு இல்லை. நாள் முழுக்க நாலு சுவருக்குள் அடைத்து வைத்தால் பிள்ளை வீட்டைத் தலைகீழாக்கிவிடும். "அக்கா, சாயங்காலம் இவனை எங்கேயாச்சும் கூட்டிட்டுப் போயிட்டு வாங்களேன்" என்று, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணிடம் சொல்லிவிட்டு மேடம் மீட்டிங்கில் உட்கார்ந்துவிடுவார். எங்கே போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது எல்லாம் பேசி முடிவாகும். தொப்பி, தண்ணீர் பாட்டில், மாற்றுத் துணி, ஈரத் துடைப்பான் எல்லாம் பையில் ஏறும். காசு மட்டும் ஏறாது.

ஆட்டோவுக்கும் விளையாட்டுக் கூடத்துக்கும் பஞ்சுமிட்டாய்க்கும் யார் பணம் என்று எந்த வீட்டில் கேட்டாலும் "நாங்கதான், வேற யாரு?" என்பார்கள். உண்மைதான், கடைசியில் அவர்கள்தான் கொடுக்கிறார்கள். முதலில் கொடுப்பது யார்? பதினைந்தாயிரமோ பதினெட்டாயிரமோ மாதச் சம்பளம் வாங்கும் அந்த அக்கா. லட்ச ரூபாய்க்கு மேல் சம்பாதிக்கும் வீட்டுக்கு, அந்த வீட்டில் வேலை பார்ப்பவர் வாரா வாரம் வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார். கடன் என்று இரண்டு பேருமே அதை நினைப்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

ஒரு சனிக்கிழமைக் கணக்கு

சோழிங்கநல்லூர் பக்கம் ஓர் அடுக்ககம் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு நாலு வயது. மேடம் தன் போனிலிருந்தே ஆட்டோ புக் செய்கிறார். திரையில் 140 ரூபாய் காட்டுகிறது. ஆட்டோ வந்ததும் டிரைவர், "மேல முப்பது போட்டுக் குடுத்துடும்மா, டிராபிக் பாத்தியா?" என்கிறார். இடுப்பில் பிள்ளையும் தோளில் பையுமாக நிற்பவர் அங்கே என்ன பேரம் பேசுவார்? இறங்கும்போது 170 ரூபாய் அவருடைய போனிலிருந்து போகிறது. ராத்திரி மேடம் தன் போனைப் பார்த்து, அதில் காட்டிய 140 ரூபாயை அனுப்பி வைக்கிறார். ஏமாற்ற வேண்டும் என்று அல்ல. அவருக்குத் தெரிந்த தொகை அதுதான். திரும்பி வரும்போதும் இதே கதை. அறுபது ரூபாய் போயிற்று.

விளையாட்டுக் கூடத்தில் பிள்ளைக்கான டிக்கெட்டை மேடம் ஆன்லைனிலேயே வாங்கியிருப்பார். ஆனால் வாசலில் சாக்ஸ் கேட்பார்கள். உள்ளங்காலில் புள்ளி புள்ளியாக ரப்பர் வைத்த சாக்ஸ். அதை அங்கேயேதான் வாங்க வேண்டும். பிள்ளைக்கு ஒரு ஜோடி, கூடவே உள்ளே போகும் பெரியவருக்கும் ஒரு ஜோடி. பிள்ளையின் சாக்ஸ் காசு பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். தன் காலுக்கு வாங்கியதை அவர் கணக்கில் சொல்வாரா என்பது அவருடைய கூச்சத்தைப் பொறுத்தது.

சாப்பாட்டு மாடியில் இன்னொரு கூத்து. பல இடங்களில் நேராகக் காசு கொடுத்து வாங்க முடியாது. ஒரு கவுன்டரில் கார்டு வாங்கி அதில் பணம் ஏற்ற வேண்டும். 200 ரூபாய் ஏற்றிப் பிள்ளைக்கு ஒரு பிளேட் உருளைக்கிழங்கு ஃப்ரையும் ஜூஸும் வாங்கினால் கார்டில் 45 ரூபாய் நிற்கும். அதைத் திரும்ப வாங்கத் தனி வரிசை. பிள்ளை அதற்குள் தரையில் புரள ஆரம்பித்திருக்கும். கார்டு வீட்டுக்கு வந்து மேடத்தின் ஹேண்ட்பேக்கில் சேரும். அடுத்த மாதம் குடும்பத்தோடு போகும்போது அந்த 45 ரூபாய்க்கு யாராவது ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள்.

வருகிற வழியில் கடற்கரை. ரப்பரை இழுத்து வானத்தில் விட்டால் மின்னிக்கொண்டே சுழன்று இறங்குமே, அந்த விளக்குப் பொம்மைக்காரருக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. விலை சொல்வதற்கு முன்னால் பொம்மையைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவார். நாலு வயதுப் பிள்ளையின் கையிலிருந்து அதைப் பிடுங்கித் திருப்பித் தர பெற்ற தாயாலேயே முடியாது. ஐம்பது ரூபாய். வீட்டுக்கு வந்ததும், "இதையெல்லாம் ஏன்க்கா வாங்கிக் குடுத்தீங்க? நாளைக்கே உடைச்சிடுவான்" என்று மேடம் சொல்லிவிட்டால் போதும், அந்த ஐம்பதைக் கேட்க அதற்குப் பிறகு வாய் வராது.

கூட்டிப் பாருங்கள். ஆட்டோவில் 60, கார்டில் 45, பொம்மையில் 50. மொத்தம் 155 ரூபாய். பெரிய பணமா என்று கேட்கலாம். மாதம் 15,000 ரூபாய், 26 நாள், நாளுக்கு ஒன்பது மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 64 ரூபாய் வருகிறது. நாலு மணி நேரம் பிள்ளையை வெளியில் வைத்துச் சமாளித்ததற்கான கூலியில் பாதிக்கு மேல் அந்தப் பயணத்திலேயே கரைந்துவிட்டது. அவர் ஒரு டீ குடித்தாரா என்பதை இதில் நான் சேர்க்கவே இல்லை.

பசியோடு திரும்புகிறவர்

அந்த டீயைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். பிள்ளைக்கு என்ன வாங்கலாம், என்ன வாங்கக் கூடாது என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும் வீடுகள் உண்டு. கலர் ஜூஸ் வேண்டாம், சாக்லேட் ஒன்றுக்கு மேல் வேண்டாம், வெளித் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கூடப் போகிறவர் என்ன சாப்பிடலாம் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. சொல்லாததை அவராக எடுத்துக்கொள்ள மாட்டார். மாலில் ஒரு காபியே நூறைத் தாண்டுகிறது. அதைத் தனக்கென்று வாங்கி மேடத்திடம் கணக்குக் காட்ட எந்த அக்காவுக்குத் துணிச்சல் வரும்? மதியம் சாப்பிட்டவர் ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்குப் போய்தான் அடுத்த கவளம் வாயில் வைக்கிறார். நடுவில், பிள்ளை மிச்சம் வைத்த ஃப்ரை நாலு.

"நம்ம வீட்டு ஆள் மாதிரி" என்ற பாசம் இங்கேதான் வினையாகிறது. நிறைய வீடுகளில் அது பொய்ப் பாசமும் அல்ல. பிறந்த நாளுக்குப் புடவை எடுத்துக் கொடுப்பார்கள், மகன் காலேஜ் ஃபீஸுக்குக் கைமாற்றுத் தருவார்கள். இவ்வளவு செய்கிறவர்களிடம் போய் "மேடம், அந்த முப்பது ரூபா" என்று எப்படிக் கேட்பது? ஐந்நூறு ரூபாயைக் கேட்டுவிடலாம். முப்பது ரூபாயைக் கேட்டால்தான் அற்பமாகத் தெரியும். சின்னத் தொகைகள்தான் திரும்பி வருவதில்லை. சின்னத் தொகைகள்தான் தினமும் போகின்றன.

அடுக்கக வேலைக்குப் பெரும்பாக்கத்திலிருந்தும் கண்ணகி நகரிலிருந்தும் வருகிறவர்களின் நடைமுறையைப் பார்த்தால் இந்த அநியாயம் இன்னும் பளிச்சென்று தெரியும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அந்தப் பஸ் வரும்வரை நிறுத்தத்தில் நின்று, கூட்டத்தில் நசுங்கி, பத்துப் பதினைந்து ரூபாயை மிச்சம் பிடித்து வேலைக்கு வருகிறார்கள். ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கும் 2022-லிருந்து அரசுப் பேருந்தில் டிக்கெட் இல்லை. அந்த அக்காவும் அந்தப் பிள்ளையும் பஸ்ஸில் போனால் இரண்டு பேருக்கும் சேர்த்துச் செலவு பூஜ்யம். ஆனால் பிள்ளையைப் பஸ்ஸில் அனுப்ப வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். ஆக, தனக்கென்றால் பத்து ரூபாயை எண்ணுகிறவர், அடுத்த வீட்டுப் பிள்ளைக்காக 170 ரூபாயை முன்னால் எடுத்து நீட்டுகிறார்.

வீட்டில் நோட்டே இல்லை

இப்படியெல்லாம் முன்பு இல்லை. போன தலைமுறையில், அஞ்சறைப் பெட்டியிலோ அரிசி டப்பாவிலோ சுவாமி படத்துக்குப் பின்னாலோ மடித்து வைத்த நோட்டு இருக்கும். ஆயாவோடு பிள்ளை வெளியே கிளம்பும்போது அதிலிருந்து ஐம்பதோ நூறோ கைக்கு வரும். மிச்சத்தைக் கொண்டுவந்து வைத்தால் கணக்கு முடிந்தது. 2016-ல் பெரிய நோட்டுகள் செல்லாமல் போயின; யுபிஐ வந்ததும் அதே வருடம்தான். இன்றைக்கு இளம் தம்பதிகளின் வீட்டில் ஐம்பது ரூபாய்ச் சில்லறை கேட்டால் தேட வேண்டியிருக்கிறது. "அக்கா, நீங்க ஸ்கேன் பண்ணிடுங்க, நான் அப்புறம் ஜிபே பண்றேன்" என்பது சாதாரணப் பேச்சாகிவிட்டது.

எனக்குக் கவலை தருவது இந்த "அப்புறம்"தான். மேடத்தின் கணக்கில் 170 ரூபாய் போனாலும் வந்தாலும் தெரியாது. அக்காவின் கணக்கு அப்படி இல்லை. சம்பளம் ஐந்தாம் தேதி வந்தால் பத்தாம் தேதிக்குள் வாடகை, சீட்டு, பால் பாக்கி என்று பறந்துவிடும். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் நடுவில் வந்து கொஞ்சம் மூச்சு விட வைக்கும். இதற்கு மேல் மகளிர் குழுக் கடன் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை தவணை என்றால் செவ்வாய்க்கிழமை காலையில் கட்டியாக வேண்டும். ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் இருக்கும் மற்றப் பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். சனிக்கிழமை கடற்கரையில் போன காசு புதன்கிழமை திரும்பி வந்தால், மேடத்தைப் பொறுத்தவரை அது சீக்கிரம். அக்காவுக்கு ஒரு நாள் தாமதம். அந்த ஒரு நாளுக்காக அவர் பக்கத்து வீட்டில் கை நீட்டியிருப்பார்.

இன்னொரு விஷயம் யாரும் யோசிக்காதது. பணம் யாருடைய கணக்குக்குப் போகிறது? சாதாரண பட்டன் போன் வைத்திருக்கும் அக்காக்கள் இன்னும் இருக்கிறார்கள். பலருடைய யுபிஐ மகனின் போனிலோ கணவரின் போனிலோ இருக்கும். அவர் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து நோட்டாகக் கொடுத்த காசு, கணவரின் கணக்கில் எண்ணாக வந்து விழும். மேடம் நிம்மதியாக "போட்டுட்டேன்க்கா" என்பார். பச்சை டிக்கும் வந்திருக்கும். ஆனால் அது அவர் கைக்கு வருமா? வீட்டுக்கு வீடு கதை வேறு. பிள்ளைக்குப் பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்த பெண், அந்தக் காசைத் தன் புருஷனிடம் கெஞ்சி வாங்க வேண்டியிருந்தால் அதற்கு யார் பொறுப்பு?

தன் போனே வைத்திருப்பவருக்கு வேறு தொல்லை. "ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்கக்கா" என்று கேட்கிறார்கள். பட்டியலைத் திறந்து காட்டினால் ஆட்டோவுக்குக் கொடுத்தது மட்டுமா தெரியும்? மருந்துக் கடை, அடகுக் கடை, தங்கைக்கு அனுப்பிய இருநூறு எல்லாம் வரிசையாகத் தெரியும். நம்முடைய பட்டியலை நாம் யாரிடமாவது இப்படி நீட்டுவோமா?

கணக்கு இரு பக்கமும் உண்டு

வீட்டுக்காரர்கள் தரப்பிலும் குறை சொல்வார்கள். கையில் பணம் கொடுத்தால் மிச்சம் திரும்புவதில்லை, கேட்டால் முகம் சுருங்குகிறது, பிள்ளை கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்துக் கெடுக்கிறார்கள் என்பார்கள். அப்படியும் சில இடங்களில் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் முன்பணம் தராத வீட்டில் மிச்சம் திரும்பவில்லை என்று எப்படிக் குறை சொல்ல முடியும்?

அரசுச் சட்டதிட்டங்களில் இதற்கு விடை தேடிப் பயனில்லை. வீட்டுப் பணியாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007-லேயே நலவாரியம் வந்தது. 2018-ல் குறைந்தபட்சக் கூலியாக மணிக்கு 37 முதல் 39 ரூபாய் வரை நிர்ணயித்தார்கள். இன்றைய நிலவரத்தில் அந்தக் கூலிக்கு ஆளே கிடைக்காது என்பது வேறு விஷயம். வேலை நிபந்தனைகளை முன்கூட்டியே தெளிவாக, முடிந்தால் எழுத்தில், சொல்ல வேண்டும் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் ஜெனீவாவில் நிறைவேற்றிய 189-வது உடன்படிக்கை. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது, ஆனால் ஏற்புறுதி செய்யவில்லை. அமெரிக்காவில் குழந்தையைத் தன் காரில் அழைத்துப் போகும் பெண்ணுக்கு மைலுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்கிறார்கள். வருமான வரிக்காக அங்கே அரசு அறிவிக்கும் தொகைதான், 2025-க்கு 70 சென்ட், அளவுகோல். நம் ஊரில் அளவுகோல் அந்தந்த வீட்டு மேடத்தின் ஞாபக சக்தி.

செய்ய வேண்டியது ரொம்பச் சுலபம். வெளியே போகிற வாரத்தில் ஐந்நூறு ரூபாயைப் பத்து, இருபது, ஐம்பதாக மாற்றி ஒரு சின்னப் பர்ஸில் போட்டு, பிள்ளையின் பையிலேயே வைத்துவிடுங்கள். அது பிள்ளையின் பர்ஸ். அக்காவின் காசும் அதுவும் கலக்காது. ஆட்டோவுக்குத் திரையில் காட்டுவதற்கு மேல் முப்பது ரூபாய் வரை அவரே முடிவு செய்யலாம் என்று சொல்லிவிடுங்கள். பொம்மைக்கு இவ்வளவு, அதற்கு மேல் போன் போட்டுக் கேட்கவும் என்று ஓர் எல்லை வையுங்கள். அவருடைய டீயும் டிபனும் அந்தப் பர்ஸிலிருந்துதான் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் குடிக்க மாட்டார். பில் இருக்கும் இடத்தில் பில்லைப் பர்ஸில் போடட்டும். சுண்டல்காரர் பில் தர மாட்டார், அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நோட்டே வேண்டாம், எல்லாம் போன்தான் என்கிறவர்களுக்கும் வழி வந்துவிட்டது. 2024-ல் அறிமுகமான யுபிஐ சர்க்கிளில், உங்கள் கணக்கிலிருந்தே இன்னொருவர் தன் போனில் செலவு செய்ய அனுமதிக்கலாம். மாதம் 15,000 ரூபாய், ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை. அதற்குள் உங்கள் வசதிப்படி குறைவாகவும் எல்லை வைக்கலாம். அவருடைய காசில் ஒரு பைசா தொட வேண்டாம். ஆனால் அவர் குடிக்கும் ஒவ்வொரு டீயும் உங்கள் போனில் மணி அடித்துச் சொல்லும் என்பதால், என் ஓட்டு சில்லறைப் பர்ஸுக்குத்தான்.

ராத்திரி அவர் வீட்டுக்குக் கிளம்பும் முன் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பர்ஸைப் பாருங்கள். மறுநாள் என்று தள்ளினால் இரண்டு பேருக்கும் மறந்துவிடும், நஷ்டம் ஒருவருக்குத்தான். கணக்குக் கேட்பதில் தப்பே இல்லை. காசைக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.