நூறு நாள் சட்டம்: எழுதியது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு?

காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய முற்போக்குக் கூட்டணி 2004 முதல் 2014 வரை ஆண்டது. தகவல் உரிமை, வன உரிமை, கல்வி உரிமை, உணவுப் பாதுகாப்பு என்று அந்தப் பத்தாண்டில் உரிமைச் சட்டங்கள் வரிசையாக வந்தன. அவற்றால் சாதாரண சனங்களுக்கு நன்மை உண்டா இல்லையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நாளும் ரூபாயுமாக எண்ணிப் பதில் சொல்லக்கூடிய சட்டம் அவற்றுள் ஒன்று இருக்கிறது. 2005இல் இயற்றிய தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம்தான் அது. ஊர்ப் பேச்சில் நூறு நாள் வேலை. அதன் வாக்குறுதியே ஓர் எண்தான். கேட்கும் ஒவ்வொரு கிராமக் குடும்பத்துக்கும் ஆண்டுக்கு 100 நாள் வேலை.

எழுதியதை முதலில் பார்த்துவிடலாம். வேலை கேட்டு மனு கொடுத்தால் 15 நாளுக்குள் வேலை தர வேண்டும். தராவிட்டால் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, அதற்குப் பிறகு அரைப் பங்கு வேலையில்லாப் படி. வேலையிடம் 5 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் 10 சதவீதம் கூடுதல் கூலி. மொத்தப் பயனாளிகளில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். செய்த வேலைக்குப் பதினைந்து நாளுக்குள் கூலி. உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசே ஏற்கும்.

இதன் பெருமை காங்கிரசுக்கு மட்டும் உரியது அல்ல. அப்போது காங்கிரசின் பலம் 145 இடங்கள்; வெளியிலிருந்து தாங்கியவை இடதுசாரிக் கட்சிகள். வரைவுக்கு உழைத்தவர்களில் பொருளியலாளர் ஜான் திரேசும் சமூகச் செயற்பாட்டாளர் அருணா ராயும் முக்கியமானவர்கள். துறை அமைச்சராக இருந்து அதைக் கரை சேர்த்த ரகுவன்ஷ் பிரசாத் சிங், ராஷ்டிரிய ஜனதா தளத்துக்காரர். மகாராஷ்டிரம் 1970களிலேயே இப்படியொரு சட்டத்தை நடத்திக் காட்டியிருந்தது.

இனி கொடுத்த கணக்கு. 2006 பிப்ரவரி 2ஆம் தேதி ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் தொடக்கம். முதல் சுற்றில் 200 மாவட்டங்கள். தமிழ்நாட்டில் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகிய ஆறு. 2008 ஏப்ரலில் நாடு முழுவதும் வந்தது. முதல் ஆண்டில் கிடைத்த மனித நாட்கள் 90 கோடி. 2009-10இல் 283 கோடி. அந்த ஆண்டு 5.26 கோடிக் குடும்பங்கள் வேலைக்கு வந்தன. ஒரு குடும்பத்துக்குச் சராசரியாகக் கிடைத்தது 54 நாள்.

இந்த 54தான் காங்கிரஸ் ஆட்சியின் உச்சம். சட்டம் சொன்னது 100.

பிறகு அதுவும் நிற்கவில்லை. 2011-12இல் சராசரி 43 நாளாகச் சரிந்ததை மத்தியக் கணக்குத் தணிக்கைத் துறை 2013இல் அறிக்கையாகவே வெளியிட்டது. அதே அறிக்கையில் இன்னொரு எண், என்னை அதிகம் வருத்துவது. பீகார், மகாராஷ்டிரம், உத்தரப்பிரதேசம் ஆகிய மூன்றிலும் சேர்த்து நாட்டின் கிராமப்புற ஏழைகளில் 46 சதவீதம் பேர் இருந்தார்கள். அந்த மாநிலங்கள் செலவழித்த திட்டப் பணமோ 20 சதவீதம். ஊராட்சி நிர்வாகம் வலுவாக இருந்த இடத்துக்குச் சட்டம் வந்து சேர்ந்தது. பசி அதிகமாக இருந்த இடத்துக்குப் பாதிகூடப் போகவில்லை.

கூலியிலும் காங்கிரஸ் அரசே கை வைத்தது. குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி மாநிலங்கள் நிர்ணயித்த கூலியைத் தருவதாகத்தான் திட்டம் தொடங்கியது. 2009 ஜனவரியில் மத்திய அரசு 6(1) பிரிவின்கீழ் தனிக் கூலியை அறிவித்து அந்தக் கயிற்றை அறுத்தது. 2011இல் விலைவாசிக் குறியீட்டோடு கூலியை இணைத்தார்களே தவிர, பல மாநிலங்களில் குறைந்தபட்சக் கூலியைவிட நூறு நாள் கூலி குறைவாகவே நின்றது. குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி வரவேண்டியதைவிடக் குறைவாக அரசே கொடுத்தது. 2009-10 பட்ஜெட்டில் 39,100 கோடி ரூபாயாக இருந்த ஒதுக்கீடு 2013-14இல் 33,000 கோடிக்கு இறங்கியது. இடையில் விலைவாசி ஏறிய வேகம் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இவ்வளவு குறை இருந்தும் சட்டம் உதவியது என்றே சொல்வேன். காரணம் பெண்களின் கணக்கில் இருக்கிறது.

வயல் வேலையில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதில் பாதியோ முக்காலோ என்பது வழக்கம். நூறு நாள் திட்டத்தின் ஏரி வேலையில் அந்த வித்தியாசம் கிடையாது. தமிழ்நாட்டில் 2006இல் கூலி 80 ரூபாய், 2009இல் 100, 2014இல் 167, 2020இல் 256, 2025 ஏப்ரலில் 336. மண் வெட்டும் ஆணுக்கும், அன்னக்கூடையில் அள்ளிக் கரையில் கொட்டும் பெண்ணுக்கும் ஒரே விகிதம். தமிழ்நாட்டில் வேலை நாட்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்களுடையது. நாடு முழுவதும் பாதிக்கு மேல். கூலி அவரவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போகிறது. தூரத்து வேலைக்குப் போக முடியாத அறுபது வயதுக்காரிக்கும், கைக்குழந்தைக்காரிக்கும் ஊர் எல்லைக்குள் சம்பாத்தியம் என்பது இதற்கு முன் அரிதாகவே இருந்தது.

336 என்பது கையில் வந்து விழும் தொகை என்று நினைத்துவிடக் கூடாது. அது உச்ச அளவு. வெட்டிய குழியின் நீளம், அகலம், ஆழம் அளந்து, பதிவேட்டில் ஏறி, அதன்படிதான் கூலி கணக்காகும். மண் இறுகிய கோடையில் அளவு குறையும், கூலியும் குறையும். வருகைப் பதிவுக்காகக் காலையிலும் பிற்பகலிலும் பணித்தளப் பொறுப்பாளர் வேலையாட்களைக் கைப்பேசியில் படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்ற விதியும் வந்தது. 2023 ஜனவரி முதல் இது கட்டாயமானது. சிக்னல் கிடைக்காமல் படம் ஏறாவிட்டால் வெட்டிய மண் கண்ணெதிரே கிடந்தாலும் வருகை கேள்விக்குறிதான்.

விவசாயிகளின் குறை ஒன்று உண்டு. நூறு நாள் வேலை வந்த பிறகு நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கிடைப்பதில்லை என்கிறார்கள். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரின் கஷ்டம் நிஜமானது. அவருடைய நெல்லுக்குக் கூலி ஏறிய அளவு விலை ஏறவில்லை. ஆனால் ஆண்டில் 50 நாள் நடக்கும் வேலையால் மட்டும் ஆள் பஞ்சம் வந்துவிடாது. கூலி ஏறியது உண்மை. ஏழையின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுதான் சட்டத்தின் பெரிய பலன். பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சகாக்களும் ஆந்திரத்தில் 157 மண்டலங்களில், கூலிப் பட்டுவாடாவை ஒழுங்காக்கி நடத்திய ஆய்வு இதை அளந்து காட்டியது. பயனாளிக் குடும்பங்களின் வருமானம் 14 சதவீதம் கூடியது. அந்தக் கூடுதலில் 86 சதவீதம் திட்டத்துக்கு வெளியே, தனியாரிடம் செய்த வேலையிலிருந்து வந்தது. அரசு வேலை ஒன்று கையில் இருந்தால், பண்ணைக்காரரிடம் கூலி பேசும்போது குரல் எழுகிறது.

2014க்குப் பிந்தைய கணக்கையும் இதே கோலால் அளக்க வேண்டும். 2015இல் பிரதமர் மோடி மக்களவையில் இந்தத் திட்டத்தைக் காங்கிரசின் தோல்விக்கு வாழும் நினைவுச்சின்னம் என்றார். 2014-15இல் சராசரி 40 நாள். ஐந்தாண்டு கழித்து கொரோனா வந்து நகரங்கள் கைவிட்டபோது ஊர் திரும்பியவர்களைத் தாங்கியது அந்தச் சட்டமே. 2020-21இல் ஒதுக்கீடு 61,500 கோடியிலிருந்து 1,11,500 கோடிக்கு உயர்ந்தது. 7.55 கோடிக் குடும்பங்கள், 389 கோடி மனித நாட்கள். அந்த ஆண்டும் சராசரி 51 நாளைச் சற்றே தாண்டியது. 2024-25இல் சராசரி 50. நூறு நாளும் முழுதாகப் பெற்ற குடும்பங்கள் சுமார் 7 சதவீதம். முறைகேடு நடந்ததாகச் சொல்லி, மேற்கு வங்கத்துக்கு 2022 மார்ச் முதல் மத்தியப் பணத்தையே நிறுத்தினார்கள். முறைகேடு செய்தவர்களைத் தண்டிப்பதை விட்டுவிட்டு, வேலை செய்தவர்களின் கூலியை மூன்றாண்டுக்கு மேல் நிறுத்தியதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

மொத்த பட்ஜெட்டில் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். 2009-10இல் 10.2 லட்சம் கோடியில் 39,100 கோடி, அதாவது 3.8 சதவீதம். 2025-26இல் 50.65 லட்சம் கோடியில் 86,000 கோடி, 1.7 சதவீதம். பாதிக்கும் கீழே.

ஒரு குடும்பத்தின் கணக்கு இதைவிடச் சுருக்கமானது. 336 ரூபாய் முழுதாகக் கிடைத்து, 50 நாள் வேலை நடந்தால் ஆண்டுக்கு 16,800, மாதத்துக்கு 1,400. சட்டம் சொன்ன 100 நாளும் நடந்திருந்தால் 33,600. கொடுக்காமல் விட்டது இன்னொரு 16,800.

2025 டிசம்பரில், பழைய சட்டத்தை நீக்கும் புதிய சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நாட்கள் 125 என்று எழுதியிருக்கிறது. ஆனால் செலவில் 40 சதவீதத்தைப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்க வேண்டும். 336 ரூபாய்க் கூலியில் 134 ரூபாய் 40 காசு இனி மாநிலத்தின் பங்கு. முன்பு கூலியில் மாநிலத்துக்குப் பங்கே இல்லை. விதைப்பும் அறுப்புமாக ஆண்டில் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கலாம். பணமில்லாத மாநிலம் வேலையைக் குறைக்கும் என்பது என் அச்சம். அப்படி நடந்தால் முதலில் அடிபடப்போவது மறுபடியும் பீகாரும் உத்தரப்பிரதேசமும்தான்.

என் தீர்ப்பு இது. காங்கிரஸ் கூட்டணியின் சட்டம் எளியவர்களுக்கு உதவியது. எழுதிய அளவில் பாதி உதவியது. பெண்களுக்கு அதிகமாகவும் மிக ஏழை மாநிலங்களுக்குக் குறைவாகவும் உதவியது. அதன் வாசகத்துக்காகக் காங்கிரஸ் பாராட்டுப் பெறலாம், கொடுக்காத நாட்களுக்குப் பதிலும் சொல்ல வேண்டும். 125 என்று எழுதியவர்களுக்கும் இதே அளவுகோல்தான். அடுத்த கிராமசபையில், நம் ஊராட்சியில் சென்ற ஆண்டு ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக எத்தனை நாள் வேலை கிடைத்தது, கூலி எத்தனை நாள் கழித்து வந்தது என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.